கதவு எண் ஒன்று: வெளியிலிருந்து பார்க்கும் தோற்றம்

1

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குத் தேநீரோடு கைபேசியைத் திறந்தால், காஞ்சிபுரம் செவிலிமேட்டில் என் தங்கையின் வாசக்கால் நின்றுகொண்டிருக்கிறது. வீடு இன்னும் வரவில்லை. சுவர் இல்லை, கூரை இல்லை. கடைக்கால் போட்டு, மண் நிரப்பி மேடாக்கிய ஒரு தரை. அதன் ஓரத்தில் தன்னந்தனியாக ஒரு வாசக்கால். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலைத் தோரணம் கட்டி, தலைமேல் ஒரு புதுத் துண்டும் ஒரு சாமந்தி மாலையும் போட்டிருந்தார்கள். பக்கத்தில் சுமதி புதுப் புடவையில், கல்யாணப் பெண்ணுக்குத் தோழி மாதிரி நின்றிருந்தாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் பக்கம் முதலில் வாசல், பிறகுதான் வீடு. நல்ல நேரம் பார்த்து, குழியில் நவதானியமும் ஒரு குந்துமணி தங்கமும் போட்டு, பெண்கள் பாலூற்றி வாசக்காலை நட்டுவிட்டால் அப்புறம் அதை யாரும் அசைக்கக் கூடாது. மழை வரட்டும், மேஸ்திரி ஓடிப்போகட்டும், சுவர் ஆறு மாதம் கழித்து எழும்பட்டும், நட்ட வாசக்கால் நட்டதுதான். எடுத்தால் அந்தக் குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். சுமதிக்கு உண்டு, தச்சருக்கு உண்டு, தெருவுக்கே உண்டு. அது போதும்.

அன்றைக்குத்தான் நான் நார்வேயின் பெர்கன் ஊருக்கு வந்து பதினேழு வருடம் முடிகிறது. அந்த நாளில் இந்தப் படம் வந்தது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காரணம், அந்த வாசக்காலை வரைந்தது நான். பதினேழு வருடமாக அடுத்தவர்களுக்குக் கதவு ஜன்னல் வரைந்து கொடுத்துப் பிழைக்கிறவள், முதல்முறையாக என் தங்கைக்கு ஒன்று வரைந்திருக்கிறேன். சமையலறையில் ஒரு சுற்று ஆடினேன். ஆடியதைப் பார்த்த என் மகள் நிலா, வயது பதினாலு, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

2

என் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் இருக்கிறேன் என்றால் ஊரில் எல்லோரும் நான் கோபுரம் கட்டுவதாக நினைக்கிறார்கள். நான் செய்வது அட்டவணை. ஒரு கட்டடத்தில் எத்தனை கதவு, எத்தனை ஜன்னல் உண்டோ அத்தனைக்கும் ஒவ்வொரு கட்டம். கட்டத்துக்குள் எண், அகலம், உயரம், மரம், பூட்டு, கூடவே ஒரு சின்னப் படம். அந்தப் படத்தை மென்பொருளே வரைந்துவிடும். எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். பக்கம் மாறினால் இடது வலதாகும், வலது இடதாகும். மரம் அறுக்கிறவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அறுப்பார். ஆகவே தாளின் தலையில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: வெளியிலிருந்து பார்க்கும் தோற்றம்.

கதவுக்கும் எனக்கும் இந்த ஊரில் தொடக்கமே சரியில்லை. வந்து இறங்கிய அன்று சாவியைத் திருப்பி, பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். என் கணவரும் சேர்ந்து தள்ளினார். மழை கொட்டுகிறது. கடைசியில் எதிர்வீட்டு அம்மாள் குடையோடு வந்து, எங்களை இரண்டு பக்கமும் ஒதுக்கி, கைப்பிடியைப் பிடித்து தன் பக்கம் இழுத்தார். திறந்துகொண்டது. இங்கே வீட்டு வாசற்கதவு வெளிப்பக்கம் திறக்கும். காற்றும் மழையும் அடித்தால் கதவு இன்னும் இறுக மூடிக்கொள்ளும் என்பார் ஒருவர், தீப்பிடித்தால் வெளியே ஓட வசதி என்பார் இன்னொருவர். எப்படியோ, விருந்தாளி வந்தால் நாம் கதவைத் திறக்கும் வேகத்தில் அவர் ஓரடி பின்னால் போக வேண்டும். பழகிவிட்டது.

பழகிய இன்னொன்று, மூச்சை உள்ளே இழுத்து 'ஆமாம்' சொல்வது. இங்கே நிறையப் பேர் அப்படித்தான் சொல்வார்கள், திடுக்கிட்ட மாதிரி ஒரு சின்ன 'ஹா'. எனக்கும் தொற்றிக்கொண்டது. போனில் சுமதி பேசும்போது நான் இரண்டு முறை 'ஹா' என்றால் போதும், "ஏன்க்கா மூச்சு வாங்குது? மாடிப்படி ஏறிக்கினு இருக்கியா?" என்பாள். ஒரு தடவை பயந்துபோய் டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒரு வாரம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

சட்டதிட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக்க நினைத்தோம். நகராட்சிக்கு விண்ணப்பம், வரைபடம், அதற்கு முன்னால் அக்கம்பக்கத்தார் அத்தனை பேருக்கும் அறிவிப்பு. எனக்குத் தொழிலே இதுதான் என்பதால் எல்லாவற்றையும் நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, நானே எனக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டேன். மேல்மாடிக் கிழவர் அறிவிப்பைப் படித்துவிட்டு, தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்ல ஆப்பிள் கேக்கோடு வந்தார். அந்த ஜன்னல் விஷயத்தில் இன்றுவரை நினைவில் நிற்பது அந்தக் கேக்தான், நன்றாக இருந்தது.

3

சுமதி ரவிக்கை தைப்பவள். பட்டுப்புடவை வாங்க ஊர் ஊராக வருகிறார்களே, வாங்கியதும் அடுத்த கவலை ரவிக்கைதானே. முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஓடிவருகிறவர்களுக்கு அவள்தான் கதி. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வாடகை அறை வைத்திருந்தாள். அதில் ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதுவும் பின்சுவரில். ஆகவே தையல் மிஷின் பின்சுவரோடு. ஆகவே சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகைக் காட்டிப் பதினாலு வருடம் தைத்தாள். யாராவது "டைலரம்மா" என்றால் பெடலை நிறுத்தி, திரும்பி, எழுந்து, நடந்து, துணியை வாங்கிக்கொண்டு, மறுபடி வந்து உட்கார வேண்டும். பகலிலும் டியூப்லைட். இடுப்பு தேய்ந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, உட்கார்ந்து தைத்ததால் இல்லை, எழுந்து எழுந்து உட்கார்ந்ததால் என்று எனக்கு விளக்கினாள்.

எங்கள் அப்பா கொத்தனாருக்குக் கலவை தூக்கினவர். காஞ்சிபுரத்தில் எத்தனையோ பேர் வீட்டுக்கு அவர் தலைமேல் செங்கல் போயிருக்கிறது. சொந்தமாக நாலு சுவர் அவருக்கு வாய்க்கவில்லை. சுமதி தைத்துத் தைத்து செவிலிமேட்டில் மனை வாங்கிவிட்டேன் என்று சொன்ன அன்று நான் அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதேன். பெருமையில்தான்.

"வீட்ட நீதான் வரையணும்," என்றாள். அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சாக்லேட் கூடக் கேட்டதில்லை.

"என்னென்ன வேணும் சொல்லு," என்றேன்.

"ரெண்டே கண்டிசன்க்கா. எழுந்திரிக்காம ஆளப் பாக்கணும். கதவத் தொறக்காம துணிய வாங்கணும். மத்தத நீ எப்டி வேணா போட்டுக்க."

இரண்டு நிபந்தனைக்கும் சேர்த்து ஒரே விடை கண்டுபிடித்தேன். கதவும் பக்க ஜன்னலும் ஒரே சட்டத்தில் சேர்ந்த வாசக்கால். தெருவில் நின்று பார்த்தால் இடது பக்கம் கதவு, வலது பக்கம் ஜன்னல். அந்த ஜன்னலுக்கு நேர் உள்ளே தையல் மிஷின், தெருவைப் பார்த்தபடி. கதவுக்கு நேர் உள்ளே மாடிப்படி. வீடு கிழக்குப் பார்த்தது, காலை வெளிச்சம் நேராக ஊசிமேல் விழும். ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் துணி வந்துவிடும். சட்டத்தின் வெளிமுகத்தில் தாமரை செதுக்குவதாகப் பேச்சு. ஆகவே முன்பின்னாகத் திருப்பி வைக்கவும் வழியில்லை.

ஒன்பது தாள் அனுப்பினேன். அட்டவணைத் தாளில் மட்டும் தனியாகச் சிரத்தை எடுத்துக்கொண்டேன். எங்கள் அலுவலக மாதிரியையே எடுத்து, நார்வே மொழித் தலைப்புகளையெல்லாம் அழித்து, தச்சர் ஏகாம்பரம் படிக்கும்படி ஒவ்வொன்றாகத் தமிழில் அடித்தேன். மேலே கொட்டை எழுத்தில்: வெளியிலிருந்து பார்க்கும் தோற்றம். அச்செடுத்து சுவரில் ஒட்டி வைத்து நானே இரண்டு நாள் ரசித்தேன்.

4

படம் வந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். பள்ளியில் ஆசிரியர்களுக்கு ஏதோ கூட்டம், பிள்ளைகளுக்கு விடுமுறை. நிலாவைத் தனியாக விட்டால் மதியம்வரை படுக்கையில் கிடப்பாள் என்று அலுவலகத்துக்கு இழுத்துப்போனேன். என் பக்கத்து நாற்காலியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உலகத்தோடு உறவை முறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தமிழ் புரிந்துகொள்வாள். பதில் நார்வே மொழியில் வரும். நான் தமிழில் திட்டுவேன், அவள் நார்வே மொழியில் வாதாடுவாள், இரண்டு பேருக்கும் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் சித்தியிடம் போனைக் கொடுத்தால் மட்டும் வாயில் பசை ஒட்டிக்கொள்ளும். அது எனக்குள் ஒரு முள்ளாக இருந்துகொண்டே இருந்தது.

பத்து மணிக்கு என் மேலாளர் இங்கர் வந்தார். அறுபது வயது, குரலை உயர்த்தாமல் ஆளைக் கலங்கடிப்பவர். நான் முடித்துக் கொடுத்த மழலையர் பள்ளி அட்டவணையை நீட்டினார்.

"இந்த ஒரு கதவு மட்டும் ஏன் இடம் வலம் மாறியிருக்கிறது?"

பார்த்தேன். பொருள்கள் வைக்கும் அறையின் கதவு. மற்ற எல்லாக் கதவும் சரியாக இருக்க, இது மட்டும் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி இருந்தது. மென்பொருளில், எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்று சொல்லும் அமைப்பைத் திறந்தோம். பதினேழு வருடத்தில் நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத இடம், யாரோ எப்போதோ செய்துவைத்த மாதிரிதானே என்று அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே 'வெளியிலிருந்து' என்று இல்லை. 'கதவு திறக்கும் பக்கத்திலிருந்து' என்று இருந்தது.

"அதுதானே விஷயம்," என்றார் இங்கர், நிம்மதியாக. "நம் கதவெல்லாம் வெளியே திறக்கிறது, அதனால் வெளியிலிருந்து தெரிகிறது. இது உள்ளே திறக்கிற கதவு. உள்ளிருந்து காட்டுகிறது. ஒரு சொடுக்கு, சரியாகிவிடும்."

அவர் போய்விட்டார். நான் அந்தச் சொடுக்கைச் செய்யாமல் என் தங்கை வீட்டுத் தாளைத் திறந்தேன்.

எங்கள் ஊரில் எல்லா வாசற்கதவும் உள்ளேதானே திறக்கும். ஜன்னல்கள் வெளியே திறக்கும், அவையெல்லாம் சரியாக வந்திருக்கும், அதனால்தான் என் கண்ணில் படவில்லை. வாசற்கதவு ஒன்று மட்டும், அந்த ஒன்றே ஒன்று மட்டும், உள்ளிருந்து பார்த்த மாதிரி வரையப்பட்டு, மேலே என் கையால் கொட்டை எழுத்தில் 'வெளியிலிருந்து' என்று அடிக்கப்பட்டு ஏகாம்பரம் ஆசாரியின் பட்டறைக்குப் போயிருக்கிறது. அவர் அதைப் பார்த்து அறுத்திருப்பார். ஜன்னல் மாடிப்படிப் பக்கம் போயிருக்கும். மாடிப்படிக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும். சுமதி மறுபடியும் சுவரைப் பார்த்துத் தைப்பாள், இந்தத் தடவை சொந்தச் சுவரை. அதுவும் இன்று காலை பாலூற்றி நட்டாயிற்று. எடுக்கவும் முடியாது.

காலையில் வந்த படத்தைத் திறந்தேன். ஜன்னல் இடது பக்கம் இருந்தது.

சுமதிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஏழாவது முறையும் எடுக்காததால் ஏகாம்பரம் ஆசாரியின் எண்ணைத் தேடி எடுத்தேன். அவர் உடனே எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல், பாத்திரச் சத்தம்.

"அலோ! நார்வேம்மாவா? சொல்லும்மா. வாசக்கா நூலு புடிச்சாப்ல நிக்குது. தூக்குக்குண்டு போட்டுப் பாத்தேன், ஒரு மயிரிழ அசங்கல!"

"ஆசாரி, ஜன்னல் எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க?"

"ஆங்?"

"ஜன்னல்! எந்தப் பக்கம்?"

"பேப்பர்ல எந்தப் பக்கம் இருக்குதோ அந்தப் பக்கந்தாம்மா! நாங்க இன்னா சொந்தமாவா வெப்போம்? வட பாயசத்தோட எல போட்டுட்டாங்க, அப்பால பேசட்டா?"

வைத்துவிட்டார். பேப்பரில் இருக்கிற பக்கம். அதைத்தான் கேட்க நான் பயந்தேன்.

5

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, நிலா ஹெட்போனைக் கழற்றினாள். சித்தியின் வீட்டை நான் பாழாக்கிவிட்டேன் என்று சொன்னேன். அப்படியே சொன்னேன். விளக்கினேன், அட்டவணையைத் திறந்து காட்டினேன், படத்தைக் காட்டினேன். அவள் படத்தை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதை எந்தப் பக்கம் நின்று எடுத்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள், அவள் மொழியில்.

எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. வாசக்கால் என்றால் தெருவில் நின்றுதானே படம் எடுப்பார்கள். ஆனால் சுவர் இல்லை, தெரு தெரியவில்லை, பின்னால் வெறும் வானம். வெளி எது உள் எது என்று சொல்ல அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை. தாமரை செதுக்கியது தெரிகிறதா என்று தேடினேன். மாலையும் துண்டும் மறைத்துவிட்டிருந்தன. வாசக்காலும் சுமதியும் கொஞ்சம் இருண்டே தெரிந்தார்கள்.

"வீடு எந்தத் திசை பார்த்தது?"

"கிழக்கு."

"படம் எடுத்தது?"

"காலை ஏழு மணிக்குள்."

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் இப்படி என்னருகே வந்து உட்கார்ந்து வருடக்கணக்காகிறது. "அப்போது சூரியன் தெருப்பக்கம். நிழல் வீட்டுக்குள்தான் விழ வேண்டும். இங்கே பார், நிழல் நம்மை நோக்கி வருகிறது. அதனால்தான் சித்தி முகம் இருட்டு. எடுத்தவர் வீட்டுக்குள் நின்று எடுத்திருக்கிறார்." படத்திலிருந்த ஜன்னல்மேல் விரலை வைத்தாள். "உள்ளிருந்து இடது பக்கம் என்றால் வெளியிலிருந்து வலது பக்கம். உனக்கு வேண்டியது வலது பக்கம்தானே?"

நான் நம்பவில்லை. சில கைபேசிகள் படத்தை இடம் வலம் திருப்பிவிடும் என்றேன். ஆனால் அதற்கு விடை எனக்கே தெரிந்தது. சுமதியின் முந்தானை அவளுடைய இடது தோளில் ஒழுங்காக இருந்தது. திருப்பிய படம் என்றால் முந்தானையும் தோள் மாறியிருக்குமே. இதை நிலாவிடம் சொன்னபோது அவள் "அட!" என்றாள். தமிழில்.

கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் எப்படிச் சரியாக இருக்க முடியும்? நான் அனுப்பிய தாள் தவறு. ஆசாரி தாளில் உள்ளபடி வைத்தேன் என்கிறார். பிறகும் வாசக்கால் சரி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலைப் பார்த்தேன், முந்தானையைப் பார்த்தேன், போன் போட்டேன். பதினேழு வருடம் ஆனதற்காக அன்றைக்கு அலுவலகத்தில் எனக்காக வெட்டிய கேக்கை யார் தின்றார்கள் என்று தெரியாது.

6

பதினொன்றரைக்கு, ஊரில் மூன்று மணிக்கு, சுமதியே வீடியோவில் வந்தாள். வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பு.

"இன்னாக்கா, முப்பது மிஸ்டு கால்? போனு புடவ மூட்டைக்குள்ள கெடந்துச்சு. நல்லாதான இருக்க? மூச்சு கீச்சு?"

"ஜன்னல் எந்தப் பக்கம்டி? தெருவுல போயி நின்னு காட்டு!"

"இதுக்குத்தானா?" என்று சிரித்தபடி நடந்தாள். வானம் ஆடியது, மணல் ஆடியது, பிறகு வாசக்கால் வந்தது. தெருவிலிருந்து. துண்டை ஒதுக்கித் தாமரையைக் காட்டினாள். இடது பக்கம் கதவு. வலது பக்கம் ஜன்னல்.

தாள் தவறு என்று சொன்னேன். திறக்கும் பக்கம், வெளியே திறக்கும் ஊர், உள்ளே திறக்கும் ஊர் என்று மூச்சு விடாமல் கொட்டினேன்.

"தெரியும்க்கா," என்றாள் சுமதி. "நான் அப்பவே பாத்துட்டேன்."

"எப்பவே?"

"நீ அனுப்புன அன்னிக்கே. ஆசாரி பேப்பர எடுத்துக்கினு வந்து, தரையில சாக்பீஸ்ல கோடு போட்டாரு. ஜன்னலு படிக்கட்டுப் பக்கம் வந்துச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்பால பேப்பர வெயில்ல தூக்கிப் புடிச்சு பின்பக்கமாத் திருப்பிப் பாத்தேன். சரியா வந்துச்சு. அக்கா உள்பக்கத்துலருந்து வரைஞ்சுட்டு தலைப்ப மாத்திப் போட்டுடுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு."

"அது எப்படிடீ உனக்குத் தெரிஞ்சுது?"

"ஏன் தெரியாது? ரவிக்கைத் துணிய உள்பக்கம் மேல வெச்சுத்தானக்கா கோடு போடுறோம். வெட்டி வெச்சா வலது எடதாத் தெரியும், எடது வலதாத் தெரியும். கொக்கி எந்தப் பக்கம், கொக்கி மாட்டுற கண்ணு எந்தப் பக்கம்னு தெனைக்கும் திருப்பித் திருப்பிப் பாக்கிறதுதான எம் பொழப்பு. ஆசாரிதான் ஒத்துக்கல. 'வெளியிலருந்துன்னு எழுதியிருக்குதேம்மா, படிச்சவங்க போட்டது'ன்னாரு. எழுதுனதுதான் தப்பு, வரைஞ்சது சரி, நீங்க அறுங்கன்னு பேனால அடிச்சு 'உள்ளருந்து'ன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

பேப்பரில் இருக்கிற பக்கம் என்று ஆசாரி சொன்னது சத்தியமான வார்த்தை.

இந்த இடத்தில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முதலில் வந்தது கோபம். இரண்டு மாதமாகத் தெரிந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொழில் என்னுடையது, தவறைக் கண்டுபிடித்தது அவள், எனக்குத் தெரியாமலே திருத்தியும் விட்டாள்.

"என்கிட்ட ஏன்டி கேக்கல?"

"கேட்டா நீ சும்மா இருப்பியா? ஒம்பது பேப்பரையும் திரும்பப் போடுவ. நம்பரு மாத்துவ. தேதி மாத்துவ. ஆசாரிகிட்ட பழச கிழிச்சுட்டு புதுச வெச்சுக்கோன்னு அனுப்புவ. அப்பால இன்னொன்னு அனுப்புவ. வாசக்கா தையிலதான் வெச்சிருக்கணும்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. உண்மையில் அந்த நேரம் என் இன்னொரு கை அந்தத் தாளைத் திருத்தத் திறந்துகொண்டிருந்தது. நிலா அதைப் பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தாள். சுமதி போனுக்குள்ளிருந்து "யாரது, நிலாவா? அங்க இன்னா சிரிப்பு?" என்றாள். நிலா போனைப் பிடுங்கிக்கொண்டு, நிழலையும் முந்தானையையும் வைத்துத் தான் கண்டுபிடித்ததைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். நிழலுக்கு 'கறுப்பு' என்றாள், முந்தானைக்கு 'சித்தியோட வால்' என்றாள். சுமதிக்கு எல்லாம் புரிந்தது. இருபது நிமிடம் பேசினார்கள். நான் போனைத் திருப்பிக் கேட்கவில்லை.

அந்த வாரமே மென்பொருளில் அந்த அமைப்பை மாற்றி, இனி எந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்தாலும் வெளியிலிருந்தே காட்டும்படி மாதிரியைச் சரிசெய்தேன். இங்கர் காரணம் கேட்டார். என் தங்கை ஒரு தையற்காரி, அவள் கண்டுபிடித்த பிழை என்றேன். உன் தங்கைக்கு இங்கே வேலை செய்ய விருப்பம் உண்டா என்று கேட்டார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

7

வைகாசியில் பால் காய்ச்சினோம். நிலாவும் வந்தாள். ஊரில் கருட சேவைக் கூட்டம், கூடவே அடுத்தடுத்து முகூர்த்தம். சுமதி பால் காய்ச்சிய மறுநாளே மிஷினைத் தூக்கிவந்து ஜன்னலருகே போடச் சொன்னாள். இரண்டு நாள் சும்மா இருடி என்றேன், கேட்கவில்லை. மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, முதல் தடவையாக வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். பெடலை மிதித்துப் பார்த்தாள். ஊசியில் நூல் கோக்க அவள் கண்ணைச் சுருக்காததைக் கவனித்தேன்.

எட்டு மணி இருக்கும். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், கையில் துணிக்கடைப் பையோடு எதிர்வெயிலுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் பார்த்தபடி வந்தார். மகளுக்கு நிச்சயம், நாலு ரவிக்கை, அவசரம் என்று பிறகு தெரிந்தது. எங்கள் ஜன்னலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யம்மா, பிள்ளையார்பாளையத்துல தெச்சுக்கினு இருந்தாங்களே, சுமதின்னு, டைலரு. இந்தப் பக்கம் வூடு கட்டிக்கினு வந்துட்டாங்களாமே. எந்த வூடும்மா?"

"நாந்தான்க்கா," என்றாள் சுமதி.

அந்த அம்மாள் பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, இன்னும் நெருங்கி வந்து, நன்றாகப் பார்த்தார்.

"அடியே! பதினாலு வருசமா உங்கிட்டதான் தெக்கிறேன். ஒம் மொகத்த வெளிச்சத்துல இப்பதான்டி நேராப் பாக்கிறேன்!"

சுமதி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள். நான் மாடிப்படியோரம் நின்றிருந்ததால் எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.